பதினான்காம் வரிக்கு ஒரு சுழி

மட்டாஞ்சேரி
9 ஜூன் 2024

அண்ணாவுக்கு,

ஒன்றரை வருஷம் கழித்து எழுதுகிறேன். போன் செய்திருக்கலாம். ஆனால் உன் குரலைக் கேட்டால் நான் இளகிவிடுவேன், அது உனக்கும் தெரியும். அதனால்தான் கடிதம். நீ சென்னைக்குப் படிக்கப் போன புதிதில் இருவரும் கணக்குகளைத் தபாலில் அனுப்பிக்கொண்டோமே, அதே முறையில் எழுதுவோம். படிக்கிறவர் தனக்கு ஒப்பாத வரியின் ஓரத்தில் சின்னதாக ஒரு சுழி போட்டு, கடிதத்தை எழுதியவருக்கே திருப்பி அனுப்ப வேண்டும். சுழி விழுந்த வரிக்குப் பதில் சொல்லாமல் மேலே போகக்கூடாது. இந்தச் சட்டத்தைப் போட்டது நீ.

கலூர் ஃப்ளாட்டைப் பூட்டிவிட்டு, சுதீர் கணக்குப் போட வாடகைக்கு எடுத்திருந்த இந்த மாடி அறைக்கே வந்துவிட்டேன். கீழே பழைய மிளகுக் கிடங்கு, மூடிக் கிடக்கிறது. மேலே வர ஒரே ஒரு மரப்படி. ஒருவர் ஏறினால் மற்றவர் ஒதுங்க வேண்டும், அவ்வளவு குறுகல். போன வருஷம் ஜனவரி 11ஆம் தேதி மதியம் என் கணவர் சுதீர் இந்தப் படியில் ஏறினார். சந்து முனையில் சாயாக்கடை வைத்திருக்கும் சந்தனமாரி பார்த்தாள். கையில் இரண்டு பழம்பொரி, சூடான நேந்திரம்பழ பஜ்ஜி, காகிதத்தில் கட்டி. ஏறினவர் இறங்கவில்லை. "அந்தம்மா கண் அசந்திருப்பார்" என்று போலீஸ் எழுதி முடித்துவிட்டது.

சுவரில் அவர் வரைந்த மரம் அப்படியே இருக்கிறது. நீயும் நானும் சேர்ந்து எழுதிய கணிதக் கட்டுரையில் சொன்ன அதே விதிதான். ஒரு கோடு, அதன் நடுவில் ஒரு கிளை, பிறகு ஒவ்வொரு துண்டின் நடுவிலும் இன்னும் சிறிய கிளை; ஒவ்வொரு தடவை கிளை சேர்ப்பதும் ஒரு நிலை. ஜன்னலுக்குக் கீழே அடிமரம். இரண்டு பெரிய கிளைகள் ஜன்னலின் இரு பக்கமும் ஏறி, மேலே ஒன்றையொன்று பார்த்து நிற்கின்றன. சுதீர் ஏழாவது நிலையோடு பென்சிலை வைத்துவிட்டார். இப்போது எட்டாவது நிலையும் இருக்கிறது, அண்ணா. அது பென்சில் இல்லை. கரும்பச்சையாக ஈரம். அளந்து பார்த்தேன். கிளைகள் சரியான இடத்தில், சரியான நீளத்தில் வந்திருக்கின்றன. மேலே இரண்டு நுனிகளுக்கு நடுவே 16 மில்லிமீட்டர். அந்த இடைவெளியில் எதையோ ரப்பரால் அழித்த தடம் தெரிகிறது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். அவருடைய நீலச் சட்டை ஆணியில் தொங்குகிறது. பையில் ஒரு ரசீது இருந்தது. ரிஜிஸ்டர் தபால், 10 ஜனவரி 2023, உன் பெயர், உன் முகவரி. காணாமல் போவதற்கு முந்தின நாள் அவர் உனக்கு என்ன எழுதினார்? எனக்கு அது வேண்டும். வேறு எதுவும் வேண்டாம்.

ஸாதனா


சென்னை
15 ஜூன் 2024

அன்புள்ள ஸாதனா,

உறையின் மேல் உன் பச்சை மையைப் பார்த்ததும் எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? உள்ளே படித்ததும் பாதி போய்விட்டது.

முதலில் சுவர். மட்டாஞ்சேரியில், ஜூன் மாதத்தில், நூறு வருஷத்துச் சுவரில் பூஞ்சை பிடித்திருக்கிறது. இதற்குத் தேற்றம் எதற்கு, ஒரு வாளி சுண்ணாம்பு போதும். பென்சிலால் அழுத்திக் கீறிய இடத்தில் பூச்சு இளகியிருக்கும், ஈரம் அந்த வழியில் ஓடும். ஈரம் கிளை கிளையாகத்தான் ஓடும். "சரியான இடத்தில், சரியான நீளத்தில்" என்று எழுதியிருக்கிறாய், அதற்கு ஒரு சுழி போட்டிருக்கிறேன். ஆசையோடு அளப்பவளுக்கு எல்லாம் சரியான நீளமாகத்தான் இருக்கும்.

அடுத்தது அந்த ரப்பர் தடம். கணக்குப் போடுகிறவன் அழிக்காமல் இருப்பானா?

மூன்றாவது, நீ கேட்ட கடிதம். அப்படி எந்தக் கடிதமும் எனக்கு வரவில்லை. ரசீது இருந்தால் தபால் வந்து சேர்ந்தது என்று அர்த்தமில்லை.

நீ அங்கே தனியாக உட்கார்ந்து அந்த மரத்தையே பார்த்துக்கொண்டிருக்காதே. உனக்குத் தெரியாததை நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை, இருந்தாலும் சொல்கிறேன். மரம் என்றால் சுற்று கிடையாது. ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு ஒரே ஒரு வழி. காகிதம் முழுக்க அடைத்துக்கொண்டு மரம் வரைந்தாலும், கோட்டைத் தாண்டாமல் பேனா முனையை எங்கிருந்து வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் கொண்டு போய்விடலாம். உள்ளே, வெளியே என்ற பேச்சே இல்லை. எதுவும் எதற்குள்ளும் அடைபடாது. கிளைமேல் கிளையாக முடிவில்லாமல் போனாலும் அப்படியேதான் இருக்கும் என்பதுதானே என் தேற்றம்? சுதீர் எதற்குள்ளும் போய்விடவில்லை. எங்கோ போயிருக்கிறார். அதை ஏற்றுக்கொள்வது கஷ்டம், எனக்குத் தெரியும்.

கலூருக்குத் திரும்பிப் போ. ஒழுங்காகச் சாப்பிடு.

அன்புடன்,
அண்ணா


மட்டாஞ்சேரி
30 ஜூன் 2024

அண்ணாவுக்கு,

உன் கடிதத்தை இரண்டு சுழியோடு திருப்பி அனுப்புகிறேன். "எந்தக் கடிதமும் எனக்கு வரவில்லை" என்ற வரிக்கு ஒன்று. "என் தேற்றம்" என்ற இடத்துக்கு இன்னொன்று. அது நம் தேற்றம். அதில் பதினான்காம் வரி மட்டும்தான் உன்னுடையது. நுனிகள் எவ்வளவு நெருங்கினாலும் ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே அவற்றின் இடைவெளி போகாது, "இது தெளிவு" என்று எழுதினாய். எப்படித் தெளிவு என்று நான் கேட்டேன். நீ சிரித்தாய். உன் சிரிப்பை நம்பிக் கையெழுத்துப் போட்டேன்.

நேற்று அளந்தேன். 8 மில்லிமீட்டர். இருபது நாளில் சரிபாதி. சுண்ணாம்பும் அடித்துப் பார்த்தேன், உன் சொல்லை நான் எப்போது தட்டியிருக்கிறேன்? மறுநாள் காலை சுண்ணாம்புக்கு மேலே மரம் அப்படியே இருந்தது. ஒன்பதாவது நிலையும் தொடங்கியிருந்தது.

இன்னொன்று சொல்ல வேண்டும். நீ சிரிப்பாய், பரவாயில்லை. கிடங்கிலிருந்து வெளியே வந்தால் இரண்டு பக்கமும் வழி இருந்தது, நீயும் பார்த்திருக்கிறாய். இடது பக்கம் சாயாக்கடையைத் தாண்டி பஜார் ரோடு. வலது பக்கம் ஒரு சந்து, மார்க்கெட்டுக்குக் குறுக்கு வழி. போன வாரம் வலது பக்கம் தகரம் வைத்து அடைத்திருந்தார்கள். குழாய் வேலை என்று நினைத்தேன். வியாழக்கிழமை பார்த்தால் தகரம் இல்லை. சந்தும் இல்லை. சுவர் இருக்கிறது. புதுச் சுவர் இல்லை அண்ணா. பாசி படிந்து, நடுவில் ஒரு பெரணிச் செடி முளைத்த பழைய சுவர்.

சந்தனமாரியிடம் கேட்டேன். தென்காசிப் பக்கத்துக்காரி, வெட்டு ஒன்று துண்டு இரண்டாகப் பேசுவாள்.

"மார்க்கெட்டுக்குப் போற சந்து எங்க போச்சு?"

"எந்தச் சந்து டீச்சர்?"

"கிடங்குக்கு அந்தப் பக்கம் இருந்ததே."

"அங்க எப்பவும் சுவருதான. பதினஞ்சு வருசமா இங்க கிடக்கேன், எனக்குத் தெரியாதா? சாயா ஆறுது, குடிங்க."

அதோடு நான் கணக்கெடுக்கத் தொடங்கினேன். தோப்பும்படி போக வேண்டுமானாலும், எர்ணாகுளம் பஸ் பிடிக்க வேண்டுமானாலும், தபால் பெட்டிக்குப் போக வேண்டுமானாலும் இப்போது எனக்கு ஒரே வழி. சாயாக்கடை பெஞ்சைத் தாண்டாமல் எங்கும் போக முடியாது. உன் உரைகளில் ஒரு வேடிக்கை சொல்வாயே, மரத்தில் எதிரெதிராகப் புறப்பட்ட இருவர் முட்டிக்கொள்ளாமல் தப்பவே முடியாது என்று? அந்த இடம்போல ஆகிவிட்டது இந்தத் தெரு.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்காதே. கடிதத்தை அனுப்பு.

ஸாதனா


சென்னை
4 ஜூலை 2024

ஸாதனா,

சுருக்கமாக எழுதுகிறேன். "சந்தும் இல்லை" என்ற வரிக்குச் சுழி போட்டிருக்கிறேன். நீ டாக்டரைப் பார்க்க வேண்டும் என்று எழுதத் தொடங்கி, அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். இரண்டு நாளாகக் கணினியில் அந்த மரத்தை வரைந்துகொண்டிருக்கிறேன். பத்தாவது நிலை வரை போனேன். மேல் நுனிகளின் இடைவெளி ஒவ்வொரு நிலையிலும் பாதியாகிறது. பதினோராவதில் வேறு மாதிரி ஆகிவிடும் என்று நினைக்கிறேன்.

நீ போட்ட சுழிக்கு நான் பதில் சொல்ல வேண்டும், சட்டம் என்னுடையது. கடிதம் வந்தது. ஜனவரி 13ஆம் தேதி வந்தது. நான் திறக்கவில்லை. அவர் காணாமல் போன செய்தி அதற்கு முன்பே வந்துவிட்டதால் திறக்கக் கை வரவில்லை.

ஜன்னல் பக்கம் படுக்காதே.

அண்ணா


மட்டாஞ்சேரி
10 ஜூலை 2024

அண்ணாவுக்கு,

"நான் திறக்கவில்லை" என்பதற்குச் சுழி. சின்ன வயதில் எனக்கு வந்த பிறந்தநாள் வாழ்த்தைக்கூட ஆவியில் காட்டிப் பிரித்துப் படித்தவன் நீ.

நேற்று 4 மில்லிமீட்டர். 16 எட்டாக இருபது நாள். எட்டு நாலாகப் பத்தே நாள். பாதியாவதற்கு ஆகும் காலமும் பாதியாகிறது. இருபது, பத்து, ஐந்து, இரண்டரை என்று முடிவில்லாமல் கூட்டிக்கொண்டே போனால் நாற்பது நாள். ஜூன் 9ஆம் தேதியிலிருந்து நாற்பதாம் நாள் ஜூலை 19. அன்றைக்கு நுனிகள் தொட்டுவிடும். தொட்டால் ஜன்னலைச் சுற்றி ஒரு வட்டம். அப்போது உள்ளே என்று ஓர் இடம் உண்டாகிவிடும்.

நேற்று நடந்ததைச் சொல்லாமல் இருக்கலாம் என்று பார்த்தேன், முடியவில்லை. நல்ல வெயில், மழை விட்டிருந்தது, மணி பன்னிரண்டரை இருக்கும். பெஞ்சில் உட்கார்ந்தேன். சந்தனமாரி இரண்டு கிளாஸ் சாயா கொண்டுவந்து வைத்தாள்.

"இன்னொண்ணு யாருக்கு?"

"ஸாருக்குத்தான். இப்பதான மேல போனாவ. கையில பழம்பொரிப் பொட்டலம் வேற. நீங்க பாக்கலியா?"

சாதாரணமாகச் சொன்னாள் அண்ணா. மழை வரும்போல இருக்கு என்பது மாதிரி. நான் ஓடினேன். அறையில் யாரும் இல்லை. மேசைமேல் ஒரு காகிதம், எண்ணெய் ஊறி, இன்னும் கை பொறுக்காத சூடு. மலையாளப் பேப்பர். மேல் மூலையில் தேதி 2023 ஜனவரி 11. திரும்ப வந்து கேட்டால், "எந்த ஸாரு டீச்சர்?" என்கிறாள். ஆனால் இரண்டாவது கிளாஸ் காலியாக இருந்தது. நான் குடிக்கவில்லை.

எனக்குப் பயமாக இருக்கிறது. பயத்தைவிட ஆசை பெரிதாக இருக்கிறது. அதுதான் எனக்கு இன்னும் பயம்.

இத்தனை வருஷத்தில் எப்போதும் நான்தான் உன்னிடம் வந்திருக்கிறேன். பொங்கலுக்கு நான், அப்பா காரியத்துக்கு நான், நீ கோபித்துக்கொண்டால் சமாதானம் பேசவும் நான். சுதீரைத் தேட வந்தாயே, அது ஒன்றுதான். அதிலும் இரண்டு நாளில் ஓடிவிட்டாய். ஒரு தடவை நீயாக வா. 19ஆம் தேதிக்கு முன்னால் வா. அந்தக் கடிதத்தையும் கொண்டுவா.

ஸாதனா


சென்னை
14 ஜூலை 2024

ஸாதனா,

உட்கார்ந்து படி.

கடிதத்தை அன்றைக்கே திறந்தேன், தபால்காரர் வாசலைத் தாண்டுவதற்குள். இரண்டு பக்கம்தான். நம் கட்டுரையின் பிரதி ஒன்றும் கூட இருந்தது. பதினான்காம் வரிக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு சுழி. நம் வீட்டுச் சட்டத்தை நீதான் அவருக்குச் சொல்லிக் கொடுத்திருப்பாய். கீழே அவர் எழுதியதை அப்படியே தருகிறேன்:

"அண்ணா, நுனிகள் எந்த நிலையிலும் தொடாது. நீங்கள் சொன்னது அதுவரை சரி. ஆனால் முடிவில் தொடுகிறது. ஒவ்வொரு நிலையும் மரம், முடிவில் கிடைப்பது மரமில்லை. நாளை மதியம் சுவரில் அந்த இரண்டு நுனிகளையும் பென்சிலால் சேர்த்துப் பார்க்கப் போகிறேன், கண்ணால் பார்க்க எப்படி இருக்கிறது என்று. எனக்கு ஒரு விசித்திரமான எண்ணம் வருகிறது. உள்ளே இருப்பவனுக்குத் தான் உள்ளே இருப்பது தெரியாது. அவனுக்கு அது எல்லாப் பக்கமும் வழி உள்ள தெருவாகத்தான் இருக்கும். ஸாதனாவிடம் இன்னும் சொல்லவில்லை. நீங்களே சொன்னால் நல்லது."

இவ்வளவுதான் என்றால் நான் உன்னிடம் எப்போதோ சொல்லியிருப்பேன். மீதியையும் எழுதிவிடுகிறேன்.

ஜனவரி 14ஆம் தேதி நான் அங்கே வந்தேன். நீ போலீஸ் ஸ்டேஷனில் இருந்தாய். அறையில் நான் மட்டும். ஜன்னலுக்கு மேலே இரண்டு நுனிகளையும் சேர்த்து அழகாக ஒரு பென்சில் கோடு இருந்தது. யார் பார்த்தாலும் நம் தேற்றம் பொய் என்று புரியும். கட்டுரை அச்சுக்குப் போயிருந்தது. என் வேலை உயர்வு அதை நம்பி நின்றது. மேசையில் ரப்பர் இருந்தது. அழித்தேன், ஸாதனா. அழிக்கும்போது ஜன்னல் கதவு இரண்டு முறை தட்டப்பட்டது. வெளிப்பக்கம் படி இல்லை, பால்கனி இல்லை. காற்று என்று சொல்லிக்கொண்டேன். காற்று இல்லாத நாள் அது.

நான் செய்தது மகாபாவம். வேறு வார்த்தை தெரியவில்லை.

வருகிறேன். 19ஆம் தேதி அந்தத் தேற்றத்தைப் பற்றி எனக்கு ஓர் உரை இருக்கிறது, ஆறு மாதத்துக்கு முன்பே ஏற்பாடு. தவற்றை அங்கேயே சொல்லிவிடலாம் என்று இருக்கிறேன். அன்று மாலையே ரயில் ஏறி, 20ஆம் தேதி காலை பதினொன்றுக்குச் சந்து முனைக்கு வந்துவிடுவேன். ஒரு நாள் தாமதம்தான். நீயும் அறையிலிருந்து இறங்கி வா. உனக்கும் எனக்கும் நடுவில் ஒரே தெரு, ஒரே படி. தவறிப்போக வழியே இல்லை.

அண்ணா


மட்டாஞ்சேரி, சந்தனமாரி கடை
20 ஜூலை 2024, காலை 11.10

அண்ணாவுக்கு,

பதினொன்றுக்கு முன்பே இறங்கி வந்துவிட்டேன். பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். உன்னைக் காணோம்.

உன் கடிதத்தைப் படித்து இரண்டு நாள் உன்னைச் சபித்தேன். மூன்றாம் நாள் அழுதேன். நேற்றுச் சாயங்காலம் நாலு மணிக்கு நுனிகள் தொட்டன. சத்தம் எதுவும் வரவில்லை. ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்தேன், அதே தெருதான். மார்க்கெட் சந்து மட்டும் திரும்ப வந்திருந்தது. அங்கிருந்து ஏலக்காய் வாசனை வந்தது. நீ அழித்த கோட்டை அந்த ஈரம் திரும்பப் போட்டுவிட்டது என்று தோன்றியது. உன்மேல் இருந்த கோபமும் அப்போது குறைந்தது, ஏனென்று கேட்காதே.

சந்தனமாரி இப்போது சொல்கிறாள்: "உங்க அண்ணன் வந்துட்டாவளே. இப்பதான இந்தப் பெஞ்சில குந்தியிருந்து எந்திரிச்சு மேல போனாவ." நான் இதே பெஞ்சில்தான் கால் மணி நேரமாக இருக்கிறேன்.

நிமிர்ந்து பார்த்தேன். நீ இருக்கிறாய். மேலே நம் ஜன்னலில் நிற்கிறாய். தலை நிறைய நரைத்துவிட்டது உனக்கு. கையை ஆட்டி ஏதோ கத்துகிறாய், வாய் அசைகிறது, சத்தம் வரவில்லை. உன் தோளுக்குப் பின்னால் இன்னொருவர் நிற்கிறார். நீலச் சட்டை.

நீ திரும்பிப் பார், அண்ணா. ஒரே ஒரு தடவை திரும்பிப் பார்.

இதைப் பெட்டியில் போட்டுவிட்டு மேலே வருகிறேன்.

ஸாதனா


மட்டாஞ்சேரி, சந்தனமாரி கடை
20 ஜூலை 2024, மாலை 5.00

ஸாதனா,

உன் அறை முகவரிக்கே இதைத் தபாலில் போடுகிறேன். வேறு எங்கே அனுப்புவது என்று தெரியவில்லை.

பதினொன்றுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போதே வந்துவிட்டேன். பெஞ்சில் உட்கார்ந்தேன். பக்கத்தில் பாதி குடித்த சாயா, கிளாஸ் சுட்டது. "டீச்சர் குடிச்சிட்டு இருக்காவ" என்றாள் கடைக்காரம்மா. எங்கே என்று கேட்டேன். என்னைப் பைத்தியம் போலப் பார்த்தாள். மேலே போனேன். படியில் எதிரே யாரும் வரவில்லை. கதவு திறந்திருந்தது. அறையில் யாரும் இல்லை. நீ எழுதிய ஆணி இருந்தது, அதில் சட்டை இல்லை.

சுவரைப் பார்த்தேன். ஜன்னலைச் சுற்றி முழு வட்டம். என் பதினான்காம் வரி அங்கே பொய்த்துக் கிடந்தது.

ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தேன். கீழே நீ உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தாய். நான் அப்போதுதான் எழுந்து வந்த பெஞ்சில். மடியில் பை, கையில் பச்சைப் பேனா. தொண்டை கிழியக் கத்தினேன். நீ நிமிர்ந்து பார்த்தாய். என்னையும் தாண்டி எதையோ பார்த்தாய். உன் முகம் மாறியது. எழுந்தாய், தபால் பெட்டிப் பக்கம் போனாய், திரும்பினாய், கிடங்கு வாசலுக்குள் நுழைந்தாய். நான் படியில் பாய்ந்து இறங்கினேன். இரண்டு பேர் ஒதுங்க முடியாத அந்தப் படியில், ஸாதனா. உன் காலடிச் சத்தம் ஏறி வந்தது. என் பக்கத்தில் வந்தது. என்னைக் கடந்து மேலே போனது. நீ அங்கே இல்லை.

ஒரே வழி என்று எழுதினேனே, நீயும் இறங்கி வா என்றேனே, அந்தப் புத்தியை எங்கே போய்ச் சொல்வது? மரத்தில்தான் எதிரெதிராக வருபவர்கள் தவற முடியாது. வட்டத்தில் தவறலாம். நான் மரத்தை நம்பி வந்தேன்.

இன்னொன்றும் உண்டு. நேற்று உரையில் நான் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. எல்லாரும் கைதட்டினார்கள். சரியாக நாலு மணிக்கு முடித்தேன்.

ஆறு முறை ஏறி இறங்கிவிட்டேன். போலீஸிடம் போகிறேன். அவர்கள் என்ன எழுதுவார்கள் என்று இருவருக்கும் தெரியும்.

அண்ணா


சென்னை
2 ஆகஸ்ட் 2024

ஸாதனா,

உன் இருபதாம் தேதிக் கடிதம் வந்தது. எனக்குப் பின்னால் யார் நின்றார் என்று படித்ததும் தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். அன்றைக்கு நான் திரும்பியே பார்க்கவில்லை. முதுகில் யாரோ மூச்சுவிட்ட மாதிரி இருந்தது, வியர்வை என்று நினைத்தேன். திரும்பியிருந்தால் ஒருவரையாவது பார்த்திருப்பேன்.

நேற்று நான் உனக்கு எழுதியது திரும்பி வந்தது. உறையின் மேல் சிவப்பு மையில் "கதவு பூட்டியிருக்கிறது, மூன்று முறை" என்று தபால்காரர் எழுதியிருக்கிறார். நான் ஒட்டிய ஒட்டு அப்படியே இருந்தது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், யாரும் பிரித்ததாகத் தெரியவில்லை. நானே கிழித்துத் திறந்தேன்.

இரண்டு வரிகளுக்குச் சுழி போட்டிருக்கிறது. "அறையில் யாரும் இல்லை" என்ற வரிக்குப் பென்சிலில் ஒன்று. "நீ அங்கே இல்லை" என்ற வரிக்குப் பச்சை மையில் ஒன்று. உன் சுழி எப்போதும் கடைசியில் சரியாக மூடாமல் ஒரு வால் நீட்டிக்கொண்டிருக்கும், அப்பா கேலி செய்வாரே. அதே வால்.

சுழி விழுந்த வரிக்குப் பதில் சொல்லாமல் மேலே போகக்கூடாது. சொல்கிறேன். இரண்டு வரிகளையும் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். அறையில் ஆள் இருக்கிறது. நீ அங்கே இருக்கிறாய். பதினான்காம் வரியையும் திரும்பப் பெற்றுக்கொண்டு இன்று காலை பத்திரிகைக்கு எழுதிவிட்டேன். சுதீரின் கடிதத்தைப் பிரதி எடுத்து வைத்து, தவற்றைக் கண்டவர் அவர், மறைத்தவன் நான் என்று எழுதினேன். என்ன வேண்டுமானாலும் நடக்கட்டும்.

செவ்வாய்க்கிழமை காலை மட்டாஞ்சேரிக்கு வருகிறேன். வீட்டுக்காரரிடம் பேசி அறையை என் பெயருக்கு எடுத்துவிட்டேன். யாரும் அந்தச் சுவரைத் தொடமாட்டார்கள். ரப்பர் ஒன்றும் கொண்டுவரவில்லை.

இதையும் அதே முகவரிக்கே போடுகிறேன், உறையைப் பிரிக்காமலே நீ படித்துவிடுவாய். ஒன்றை மட்டும் கவனமாகக் கேள். வட்டத்தில் இருவரும் நடந்துகொண்டே இருந்தால் ஆயுசு முழுக்கத் தவறிக்கொண்டே இருக்கலாம். ஒருவர் நின்றுவிட்டால் போதும். மற்றவர் எந்தப் பக்கமாகச் சுற்றினாலும் அவரிடம் வந்து சேர்ந்துதான் ஆக வேண்டும். இது தெளிவு என்று நான் எழுதமாட்டேன். நீயே யோசித்துப் பார், சுழி போடமாட்டாய்.

இத்தனை வருஷமும் நீதான் நடந்து நடந்து என்னிடம் வந்தாய். செவ்வாய்க்கிழமை பெஞ்சில் உட்கார், எழுந்திருக்காதே. சந்தனமாரி யார் போனார், யார் வந்தார் என்று என்ன சொன்னாலும் எழுந்திருக்காதே. சுதீரையும் உன் பக்கத்தில் உட்கார்த்தி வை, கையைப் பிடித்துக்கொள்.

நான் நடந்து வருகிறேன்.

அண்ணா